துணைக் கிட்டாரின் பலம்

ஜூலை 12, ஞாயிறு

நேற்றைய ரிசப்ஷன் கச்சேரியில், பாட்டின் பாதியிலேயே மெயின் பேஸ் கிட்டார் கரகரத்து மங்கியது. உள்ளே ப்ரீஆம்ப் வைத்த ஆக்டிவ் கிட்டார் அது. 9 வோல்ட் பேட்டரி இறங்கினால் இப்படித்தான் ஆகும். ஸ்டாண்டில் இருந்த துணைக் கிட்டாரை எடுத்துச் செருகினேன். சுருதி சுத்தமாக இருந்தது, ஆனால் சத்தம் எழும்பவில்லை. டிரம்ஸின் கிக் மட்டும் தனியே இடித்துக்கொண்டிருந்தது. மிக்ஸர் அண்ணன் கெயினை ஏற்றிய பிறகுதான், அடுத்த சரணத்தில் பேஸ் கேட்டது. கெயின் ஏறியதும் சீரியல் விளக்கின் இரைச்சலும் சேர்ந்து ஏறியது.

சாமான்களைக் கட்டும்போது அவர் சொன்னார்: “தம்பி, அடுத்த வாட்டி நீ கிட்டார் மாத்துனா எனக்குத் தெரியவே கூடாது.”

நியாயமான பேச்சு. இளையராஜா பாட்டில் பேஸ், பாடுபவரின் குரலுக்கு எதிர்மெட்டாகவே நடந்து போகும். சசிதரன் வாசித்த அந்த நடையைக் கேட்டு வளர்ந்த கூட்டம் நம்முடையது. அது காணாமல் போனால், காரணம் தெரியாவிட்டாலும் பாட்டு மெலிந்துவிட்டதை அவர்கள் உணர்ந்துவிடுவார்கள். ஆடி மாதக் கோயில் கச்சேரிகள் தொடங்குவதற்குள் இதைச் சரிசெய்ய வேண்டும்.

ஜூலை 14, செவ்வாய்

துணைக் கிட்டாரிலும் ஒரு ப்ரீஆம்ப் போடச் சொல்கிறார்கள் நண்பர்கள். யோசித்துப் பார்த்து வேண்டாமென்று முடிவெடுத்தேன். என்னுடையது ஃபெண்டர் 1960-இல் கொண்டுவந்த ஜாஸ் பேஸ் அமைப்பில் செய்த பாஸிவ் கிட்டார். காந்தம், அதைச் சுற்றிய செம்புக் கம்பிச்சுருள், இரண்டு வால்யூம், ஒரு டோன், அவ்வளவுதான். 1976-இல் மியூசிக் மேன் ஸ்டிங்ரே வந்த பிறகு, பேட்டரியும் ப்ரீஆம்ப்பும் கிட்டாருக்குள்ளேயே இருப்பது சாதாரணமாகிவிட்டது. சத்தம் கூடும், டோனைத் திருத்தவும் வசதி. ஆனால் மெயின் கிட்டார் எதனால் கைவிடுமோ, அதனாலேயே துணையும் கைவிடும் என்றால் அதைச் சுமந்து போவதில் பயன் இல்லை. பேட்டரி இல்லாமலே இந்தக் கிட்டாருக்குப் பலம் வரவேண்டும்.

ஜூலை 15, புதன்

முதல் வேலை, பிக்கப்பின் உயரம். கடைசி ஃப்ரெட்டில் ஸ்ட்ரிங்கை அழுத்திப் பிடித்து, ஸ்ட்ரிங்கின் அடிப்பக்கத்துக்கும் காந்தத்துக்கும் உள்ள இடைவெளியை ஸ்டீல் ஸ்கேலால் அளந்தேன். 5 மில்லிமீட்டருக்கு மேலேயே இருந்தது. மைக்கை வாயிலிருந்து தள்ளிப் பிடித்துப் பாடுவது போலத்தான் இது. தூரம் கூடக் கூடக் காந்தப்புலம் வேகமாகக் குறைந்துவிடும். ஒரு மில்லிமீட்டர்கூட இங்கே பெரிய கணக்கு.

நான்கு ஸ்க்ரூவையும் தளர்த்தினேன். பிக்கப் மேலே வரவில்லை. கழற்றிப் பார்த்தால், அடியில் இருந்து தூக்கிக் கொடுக்க வேண்டிய ஃபோம் அப்பளமாகத் தட்டையாகி, விரல் பட்டதும் பொடியாக உதிர்ந்தது. கதவிடுக்கில் ஒட்டுகிற ரப்பர் ஃபோமை ஹார்டுவேர் கடையில் வாங்கிவந்து இரண்டு அடுக்காக வெட்டி வைத்தேன். இப்போது ஸ்க்ரூவைத் தளர்த்தினால் பிக்கப் எழுகிறது, இறுக்கினால் அமிழ்கிறது. தடித்த ஈ ஸ்ட்ரிங் பக்கம் 3 மில்லிமீட்டர், மெல்லிய ஜி பக்கம் 2 மில்லிமீட்டர் அளவில் நிறுத்தினேன்.

இன்னும் நெருக்கிப் பார்த்தேன். சத்தம் கூடியது, ஆனால் காந்தம் ஸ்ட்ரிங்கை இழுக்கத் தொடங்கியது. மேல் ஃப்ரெட்டுகளில் சுருதி அலைகிறது, நீட்டிப் பிடித்த ஸ்வரம் சீக்கிரம் அடங்குகிறது. முதலில் நிறுத்திய அளவுக்கே இறக்கிவிட்டேன். ஸ்ட்ரிங் செட்டையும் புதிதாக மாற்றினேன். அழுக்கேறிய ஸ்ட்ரிங்கில் மேல்நாதம் செத்துப்போவதால், மற்ற வாத்தியங்களுக்கு நடுவே பேஸின் உருவம் தெளிவாக எழுவதில்லை.

ஜூலை 18, சனி

ஜாஸ் பேஸில் இரண்டு பிக்கப்பும் பேரலலாக இணைந்திருக்கும். அதனால் ஒலி தெளிவாக இருக்கும், ஆனால் வலு குறைவு. சீரீஸில் இணைத்தால் இரண்டு சுருளின் மின்னழுத்தமும் ஒன்றோடொன்று கூடும். மேல்நாதம் சற்றுக் குறைந்து, நடுநாதம் திரண்டு வரும். கூட்டத்துக்கு நடுவே கேட்க வேண்டிய பேஸுக்கு அந்த நடுநாதம்தான் தேவை.

ஒரு வால்யூம் பொட்டென்ஷியோமீட்டரை (பாட்) எடுத்துவிட்டு, புஷ்-புல் பாட் போட்டு சால்டர் செய்தேன். குமிழை இழுத்தால் சீரீஸ், அழுத்தினால் பழையபடி பேரலல். இரண்டு பிக்கப்பும் எதிரெதிர் சுற்றும் எதிரெதிர் காந்தத் துருவமும் கொண்டவை. அதனால் இரண்டையும் முழுதாகத் திறந்து வைத்தால், சீரீஸிலும் ஹம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடுகிறது. ஜெனரேட்டரும் சீரியல் விளக்கும் சூழ்ந்த மேடையில் இது பெரிய நிம்மதி.

கெயினை ஏற்றுவதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. மிக்ஸரில் ஏற்றும் கெயின், வந்து சேர்ந்த எல்லாவற்றையும் தூக்கிவிடும், இரைச்சல் உட்பட. ஸ்ட்ரிங்கிலும் காந்தத்திலும் சுருளிலும் கூட்டியது, சங்கீதத்தை மட்டும் பெரிதாக்கி அனுப்புகிறது.

ஜூலை 20, திங்கள்

ரிகர்சலில் இரண்டு கிட்டாரையும் ஒரே கேபிளில் மாற்றி மாற்றிச் செருகி, ஒரே பாட்டை ஒரே விரல் அழுத்தத்தில் வாசித்தேன். மிக்ஸர் அண்ணன் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரும் இடைவெளி போய்விட்டது. மிச்சம் ஏறத்தாழ 3 டெசிபெல். ஒரு பூஸ்டர் பெடல் அதை எளிதாக நிரப்பிவிடும். ஆனால் அது மறுபடியும் ஒரு அடாப்டர், இரண்டு ஜாக், பதற்றத்தில் காலால் தேட வேண்டிய ஒரு சுவிட்ச். அதற்குப் பதில் மெயின் கிட்டாரின் வால்யூமை அந்த அளவுக்கு இறக்கி, குமிழுக்கு நேரே பாடியில் வெள்ளை பெயிண்டால் புள்ளி வைத்தேன். ப்ரீஆம்ப்பில் சத்தம் தாராளமாக இருக்கிறது, கொஞ்சம் விட்டுக்கொடுப்பதில் நஷ்டம் இல்லை. அண்ணனைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு மாற்றிச் செருகி வாசித்தேன். “இப்போ எது?” என்று கேட்டார்.

ஜூலை 21, செவ்வாய்

குழுவில் புதிதாகப் பேஸ் கற்றுக்கொள்ளும் தம்பிக்கு இந்த வரிசையை எழுதிக் கொடுத்தேன். முதலில் ஸ்ட்ரிங், பிறகு பிக்கப்பின் உயரம், பிறகு வயரிங், பிறகு இரண்டு கிட்டாரின் அளவையும் சமப்படுத்துவது. இத்தனைக்கும் பிறகு குறை இருந்தால் மட்டும் பெடல். மூல ஒலி பலவீனமாக இருக்கும்போது மேலே எதை அடுக்கினாலும் அந்தப் பலவீனமும் கூடவே பெரிதாகும். துணைக் கிட்டாரை மிஞ்சிப்போன கிட்டாராக எண்ணி மூலையில் சாத்தி வைக்காதே என்றும் சொன்னேன். மெயின் கிட்டார் நின்றுபோகும் அந்த நிமிடத்தில் மொத்தக் குழுவும் அதன் மேல்தான் சாய்கிறது. ஒவ்வொரு ரிகர்சலிலும் ஒரு பாட்டையாவது அதிலேயே வாசிக்க வேண்டும்.