விட்டால் லாபம்!

நான் பி.காம். ஆனாலும் ஒரு கணக்கு ரொம்ப லேட்டாகத்தான் புரிந்தது.

காஞ்சிபுரத்தில் எங்கள் தெரு டீமுக்கு நான்தான் ஓப்பனர். வெளியே போகிற பந்தையும் துரத்திச் சுற்றுவேன். ஃபைனலிலும் அப்படியே... இரண்டாவது பந்தில் அவுட்! டீமும் தோற்றது. தறி நெய்யும் பக்கத்து வீட்டு அண்ணன் திட்டவில்லை. ''இழை அறுந்தா முடிச்சுப் போட்டுக்கலாம் தம்பி. விக்கெட் போனா?'' என்றார்.

2014 லார்ட்ஸ் டெஸ்ட்டில் நம்ம சென்னை முரளி விஜய், வேண்டாத பந்துகளை விட்டுவிட்டு 247 பந்தில் 95 ரன் எடுத்தார். இந்தியா ஜெயித்ததும் அதே 95 ரன்னில்! அமெரிக்க பேஸ்பாலில் இன்னும் வசதி. தப்பாக வரும் நாலு பந்தைத் தொடாமல் விட்டாலே முதல் பேஸ் இலவசம்!

விட்ட பந்துக்கு நம்ம ஸ்கோர் நோட்டில் வெறும் புள்ளிதான். ஆனால், செய்யாத வீண்செலவும் லாபம்தானே சார்?