புது வண்டியின் தயக்கம்

ஸ்கூடாயில் தொடங்கி மேற்குக் கரையோரமாகவே ஈப்போ வரைக்கும் செல்லும் ஐந்தாம் எண் கூட்டரசுச் சாலை, கிள்ளான் பட்டணத்தைக் கடந்து வடக்கே போகும் இடத்தில் காப்பார் சாலை என்று பெயர் கொள்கிறது. முன்னொரு காலத்தில் ரப்பரும் தென்னையும் இருபுறமும் நின்ற அந்தச் சாலையில், இன்று எஞ்சியிருக்கும் செம்பனைக்கும் தொழிற்சாலைச் சுவர்களுக்கும் நடுவே, கிள்ளான் துறைமுகத்துக் கொள்கலன் லோரிகள் இரவு பகல் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கின்றன. இன்னமும் கட்டைக் கணக்கில் இடம் சொல்லும் எங்கள் பக்கத்து ஜனங்கள், எந்தச் சந்திலிருந்து அந்தச் சாலையில் ஏறுவதானாலும், லோரிக்கும் லோரிக்கும் நடுவே வாய்க்கிற சொற்ப இடைவெளியை நம்பித்தான் வண்டியை வெளியே எடுத்தாக வேண்டும். அந்த இடைவெளியில் பாதி தூரம் நுழைந்துவிட்ட பிறகு, எண்ணெய் மிதித்தும் வண்டி நகராமல் ஒரு க்ஷணம் தயங்கி நிற்குமானால் அதை என்ன செய்வது என்பதைப் பற்றியே இங்கே எழுத விரும்புகிறேன்.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் லோரி விநாடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர் முன்னேறுகிறது. ஆகவே இரண்டு விநாடித் தயக்கம் என்றால், சந்திலிருந்து வெளிப்பட்டவனுக்கும் பாரம் ஏற்றிய அந்த லோரிக்கும் இடையே இருந்த தூரத்தில் 30 மீட்டருக்கு மேல் கரைந்துபோயிற்று என்று அர்த்தம். 2016ஆம் ஆண்டில் மட்டும் மலேசியச் சாலைகளில் 7,152 பேர் மாண்டார்கள். அவர்களில் பெரும்பான்மையோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். நடுச்சாலையில் திடீரென்று தயங்கி நிற்கும் காரினால் முதலில் ஆபத்துக்கு உள்ளாகிறவனும் பின்னால் வரும் மோட்டார் சைக்கிளோட்டிதான். இதனாலேயே இந்தக் குறையைச் சௌகரிய அசௌகரியங்களின் கணக்கில் சேர்க்க என் மனம் ஒப்பவில்லை.

எங்கள் வீட்டுக்குப் புது வண்டி வந்தபோது, அது காலைவேளைகளில் ஒரு குறையுமின்றி ஓடிற்று. ஆனால் நடுப்பகல் வெயிலில், கிள்ளான் தெங்கு கெலானா சாலையின் நெரிசலில் ஊர்ந்து, கோத்தா பாலத்தைக் கடந்து, காப்பார் சாலையில் சமிக்ஞை விளக்குக்காகக் காத்திருந்துவிட்டுப் புறப்படும் வேளைகளில், பெடலைப் பாதி அழுத்தியும் இயந்திரத்தின் ஓசை எழும்பாது, அதன் சுழற்சியைக் காட்டும் முள் அசையாது, பிறகு யாரோ பின்னாலிருந்து தள்ளிவிட்டதுபோல் வண்டி ஒரு துள்ளலோடு பாயும். இதை முதலில் கவனித்தவள் என் மனைவி. "ஏங்க, நீங்க மிதிக்கிறீங்களா இல்லையா? வண்டி யோசிக்குதே!" என்று அவள் கேட்ட பிறகுதான், அதுவரை போக்குவரத்தின் மேல் பழியைப் போட்டுவந்த நான் வண்டியையே கூர்ந்து கவனிக்கத் தலைப்பட்டேன்.

விற்ற இடத்தாரின் பராமரிப்பு நிலையத்தில் கருவியைப் பொருத்திப் பார்த்தார்கள். பிழைக்குறி எதுவும் பதிவாகவில்லை. "இந்த ரக வண்டியின் சுபாவமே அப்படித்தான் ஐயா, ஓட்ட ஓட்டப் பழகிவிடும்" என்று அங்கிருந்தவர் மரியாதையாகவே சொன்னார். அந்தப் பதிலில் உண்மையின் ஓர் அம்சம் இருக்கிறது என்பதனாலேயே அது அபாயமான பதில் என்று நான் கருதுகிறேன்.

பழைய வண்டிகளில் பெடலிலிருந்து ஒரு கம்பிக்கயிறு நேரே இயந்திரத்தின் காற்றுவாயிலுக்குச் செல்லும். கால் அழுந்தியதும் வாயில் திறக்கும். ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரிவதற்கு எடையளவில் 14.7 பங்கு காற்று வேண்டியிருப்பதால், வாயில் சட்டென்று திறந்து காற்று மிகுதியாக உள்ளே புகும் தருணத்தில் பெட்ரோல் பின்தங்கிவிடாதிருக்க, கார்புரேட்டரில் அதற்கென்றே ஒரு சிறு பம்பை அமைத்திருந்தார்கள். மிதித்ததும் வண்டி தயங்குவது புதிய வியாதி அன்று. அதை வியாதி என்று அறிந்து பரிகாரமும் தேடியவர்கள் அக்காலத்து நிபுணர்கள். இன்றைய வண்டியில் அந்தக் கம்பிக்கயிறு இல்லை. பெடலோடு சேர்ந்த சென்சார்கள், ஓட்டுகிறவர் எவ்வளவு அழுத்தினார் என்ற செய்தியைக் கணினிக்கு அனுப்ப, அந்தக் கணினி காற்றின் அளவையும் வெப்பத்தையும் புகையின் தன்மையையும் கியரின் நிலையையும் சீர்தூக்கிப் பார்த்த பின்னரே காற்றுவாயிலைத் திறக்கிறது. எரிபொருளைச் சிக்கனப்படுத்தவும் புகையைக் குறைக்கவும் வேண்டி அந்தத் திறப்பைச் சற்றே மிருதுவாக்கியிருப்பார்கள். டர்போ பூட்டிய வண்டியில், புகைக்காற்றின் வேகத்தால் சக்கரம் சுழன்று அழுத்தம் ஏறும்வரை ஒரு தாமதம் உண்டு. சிவிடி கியரில், பெல்ட்டும் கப்பிகளும் தக்க விகிதத்துக்கு நகரும்வரை வேறொரு தாமதம் உண்டு. இவையெல்லாம் சுபாவம்தான்.

ஆனால் சுபாவமாக உள்ள தாமதம் பெரும்பாலும் ஒரே தன்மையாக, எதிர்பார்க்கத் தக்கதாக இருக்கும். காலையில் உள்ளது மாலையிலும் இருக்கும். வெயிலில் வந்து நிழலில் மறைவதும், குளிர்சாதனம் ஓடுகையில் மட்டும் தோன்றுவதும், தொட்டியில் எண்ணெய் குறைந்தால் அதிகரிப்பதும் கோளாறின் லக்ஷணங்கள். பெட்ரோல் பம்பின் தளர்ச்சி, காற்றை அளக்கும் சென்சாரின் பிசகு, அந்தச் சென்சாருக்கு அப்பால் ரப்பர்க் குழாயில் உண்டான கசிவு, எரிபொருள் பீச்சியில் அடைப்பு, தீப்பொறிச் சுருளின் பலவீனம், கணினி மென்பொருளின் குறை என்று இதற்குக் காரணங்கள் பல. கருவி ஒன்றும் காட்டவில்லை என்பதைக் கொண்டு குறையே இல்லை என்று தீர்மானிப்பதும் சரியன்று. ஏனெனில் ஓர் அளவு எல்லை மீறி, அந்த மீறலும் குறித்த காலம் நீடித்தாலொழியக் கணினி பிழைக்குறியைப் பதிவதில்லை. கண நேரம் தாழ்ந்து மீண்ட அழுத்தத்துக்கு அங்கே சாட்சி கிடையாது. சாட்சி சொல்ல இருப்பவர் ஓட்டியவர் ஒருவரே.

இந்நிலையில் நண்பர்கள் சொல்லும் உபாயங்கள் எண்ணற்றவை. பிரிக்பீல்ட்ஸ் உணவகம் ஒன்றில் சந்தித்த சிநேகிதர், ரோன் 97 போட்டால் சரியாகிவிடும் என்றார். 95, 97 என்ற எண்கள் எரிபொருளின் வலிமையைக் குறிப்பன அல்ல. அழுத்தத்தில் தானாக வெடிக்காமல் தாங்கும் தன்மையையே குறிப்பன. 95க்கென்று அமைத்த இயந்திரத்தின் பெட்ரோல் பம்ப் தளர்ந்திருக்கையில் 97 அதற்கு மருந்தாகாது. வேறொருவர் பெடலோடு இணைக்கும் ஒரு சிறு மின்பெட்டியைச் சிபாரிசு செய்தார். அது, ஓட்டுகிறவர் பாதி அழுத்தினாலும் முக்கால் அழுத்தியதாகக் கணினிக்குச் சொல்லுமே தவிர, உள்ளே இருக்கும் குறையைத் தொடாது. உத்தரவாதக் காலத்தில் தகராறுக்கும் இடம் கொடுக்கும். புது வண்டியில் குறை கண்டவர்கள், விற்றவர் பார்த்து முடிக்கும்வரை வெளிப்பட்டறையில் எதையும் கழற்றவோ பூட்டவோ விடலாகாது என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

உண்மையில் பயன் தந்தது ஒரு குறிப்பேடுதான். நாடி பார்க்க வந்த வைத்தியரிடம் "உடம்பு சரியில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு வாய் மூடிக்கொள்ளும் நோயாளிக்கு என்ன சிகிச்சை நடக்கும்? "வண்டி இழுக்கவில்லை" என்பதும் அத்தகைய பேச்சே. எந்த வேளையில், எவ்வளவு நேரம் நெரிசலில் நின்ற பிறகு, குளிர்சாதனம் ஓடுகையிலா நின்றிருக்கையிலா, தொட்டியில் எண்ணெய் எவ்வளவு இருக்கையில், மெல்ல அழுத்தினபோதா முழுவதும் அழுத்தினபோதா, முள் ஏறியும் வண்டி ஏறவில்லையா அல்லது முள்ளே ஏறவில்லையா என்பனவற்றை வீட்டுக்கு வந்ததும் எழுதிவைத்தேன். கடைசிக் கேள்வி மிக முக்கியமானது: முள் ஏறியும் வேகம் ஏறாவிட்டால் சந்தேகம் கியர்ப் பக்கம் போகும், முள்ளே ஏறாவிட்டால் காற்று, எண்ணெய், தீப்பொறி என்ற மூன்றின் பக்கம் போகும்.

அந்தக் குறிப்புகளை வாங்கி நிதானமாகப் படித்தவர் அந்நிலையத்தின் இளைஞரான போர்மன் ஒருவர். "ஐயா, நீங்களே ஓட்டுங்க, எப்பவும் போற பாதையிலேயே, அதே வெயில்ல போவோம். நான் பக்கத்துல உட்கார்ந்து பார்க்குறேன்" என்று சொல்லி, கருவியை மடியில் வைத்துக்கொண்டு என்னோடு கிளம்பினார். பாலத்து நெரிசலில் நின்று சூடேறிய பிறகு காப்பார் சாலையில் அந்தத் தயக்கம் வந்த அதே தருணத்தில், எரிபொருளின் அழுத்தம் கணினி கேட்ட அளவுக்குக் கீழே இறங்கி மீள்வதைத் திரையில் காட்டினார். தொட்டிக்குள் இருக்கும் பம்ப், சூடு ஏறியதும் தளர்ந்துகொண்டிருந்தது. உத்தரவாதத்தின் கீழ் அதை மாற்றினார்கள். அதன்பின் வண்டி வெயிலிலும் காலையைப்போலவே ஓடுகிறது. மற்றவர் சுபாவம் என்று சொல்லி முடித்ததை, கேட்கும் பொறுமை ஒன்றைக் கொண்டே அந்த இளைஞர் கோளாறென்று நிரூபித்தார்.

ஓட்டுகிறவரின் மேல் பழியைத் திருப்புவது எங்கள் ஊருக்கு மட்டும் உரிய பழக்கமன்று. ஆஸ்திரேலியாவில் 2011 முதல் 2016 வரை விற்ற ஃபியஸ்டா, ஃபோக்கஸ், ஈகோஸ்போர்ட் வண்டிகளின் பவர்ஷிஃப்ட் கியர்ப்பெட்டி, வேகமெடுக்கையில் அதிர்வதும் வலு இழப்பதுமாக இருந்தது. முறையிட்டவர்களில் சிலரிடம் அது அவர்கள் ஓட்டும் விதத்தினால் வருவது என்று ஃபோர்டு நிறுவனத்தார் சொல்லியிருந்தார்கள். புகார்களைக் கையாண்ட விதம் நியாயத்துக்கு ஒவ்வாதது என்று அந்நாட்டுக் கூட்டரசு நீதிமன்றம் 2018 ஏப்ரலில் கண்டு, ஒரு கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. தனித்தனியாகச் சொன்னபோது எடுபடாத வார்த்தைகள், எழுத்தில் பதிந்து ஒன்றுசேர்ந்தபோது பிரமாணமாக நின்றன.

எங்கள் மண்ணிலோ, எழுதிக் கேட்கும் வழக்கம் முன்னோர் உயிரைக் கொடுத்து உண்டாக்கிய வழக்கம். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் எழுந்தபோது, ஆர். எச். நாதன் முன்னின்று நடத்திய கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் காலத்தில் தொழிலாளர் வைத்த கோரிக்கைகளில், கூலி உயர்வோடு ஒரு வாகன விஷயமும் இருந்தது. துரையோ கிராணியோ எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற கட்டுப்பாட்டை நீக்க வேண்டும் என்பதே அது. அந்த மே மாதத்தில் நாதன் கைதாகி நாடுகடத்தப்பட்டார், படை வந்தது, தொழிலாளர் சிலர் சுடப்பட்டு மாண்டனர். தங்கள் சைக்கிளின் மேல் அமர்ந்து போகும் உரிமையைக் கோரிக்கையாக எழுதிவைத்த அந்தத் தலைமுறையின் பேரப்பிள்ளைகள், 9 ஆண்டுகள் வரை நீளும் தவணைக் கடனில் ஒரு வண்டியை வாங்கிவிட்டு, "புதுசுல அப்படித்தான் இருக்குமாம்" என்று கேட்டதை நம்பி மௌனமாகத் திரும்பி வருவதைக் காணும்போது எனக்கு உள்ளபடியே வருத்தம் உண்டாகிறது.

சட்டம் நமக்கு அனுகூலமாகவே இருக்கிறது. 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 32ஆம் பிரிவு, விற்கப்படும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது. சிறு குறைகளும் இல்லாமை, பாதுகாப்பு, நீடித்துழைத்தல் என்பன அந்தத் தரத்தின் அளவுகோல்கள். சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் முதல் நடப்பில் இருக்கும் சட்டமோ இன்னும் ஒருபடி மேலே போய், பொருளைப் பெற்ற ஆறு மாதத்துக்குள் வெளிப்படும் குறை ஆதியிலேயே இருந்ததென்று அனுமானித்து, அப்படியல்ல என்று நிரூபிக்கும் பாரத்தை விற்றவர் மேல் வைக்கிறது. அத்தகைய தெளிவு இங்கே வண்டி வாங்குவோருக்கும் வேண்டும்.

ஆகவே, வண்டி தயங்குகிறது என்று தோன்றினால் அன்றைக்கே எழுதத் தொடங்குங்கள்; பராமரிப்பு நிலையத்துக்குப் போகும் ஒவ்வொரு தடவையும் நீங்கள் சொன்ன குறையை அவர்களுடைய தாளிலேயே, உங்கள் வார்த்தைகளிலேயே, எழுதச் சொல்லி ஒரு பிரதி வாங்கி வையுங்கள்; ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டிக்காட்டக் கேளுங்கள். அதற்கும் மசியாவிட்டால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. உரிமை பிறந்த மூன்று ஆண்டுகளுக்குள் 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை அங்கே கொண்டுபோகலாம். வழக்கறிஞர் வைத்து வாதாட வேண்டியதில்லை. உங்கள் வார்த்தையே அங்கே பேசும். மனுவுக்கான கட்டணம் 5 வெள்ளி.