மணலுக்கும் உயிருண்டு

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், மோவாப் நகருக்கு மேலே போர்க்குபைன் ரிம் தடம். பாறைப் படிகளில் சைக்கிள் குலுங்கி இறங்குகிறது. ஒருபுறம் காஸில் பள்ளத்தாக்கு, தொலைவில் லா சால் மலைகள். இறுதியில், பாறை விளிம்பை ஒட்டி ஒற்றையடிப் பாதை. கீழே கொலராடோ ஆறு.

பார்வை பள்ளத்தின் மேல் இருக்க, சக்கரம் மறுபக்கம் ஒதுங்கப் பார்க்கும். ஆபத்து அங்கேதான், மணலுக்கு. பாதையோரம் கரிந்ததுபோல் கிடப்பது உயிருள்ள மேலோடு. நம் நெல் வயலுக்கு உரமாகும் நீலப்பச்சைப் பாசியின் உறவினங்கள், காற்று அள்ளிப் போகாதபடி மணலைப் பிணைத்து வைத்திருக்கின்றன. சக்கரம் ஏறி நொறுக்கினால், தேறப் பல பத்தாண்டுகள் ஆகலாம். எதிரே ஆள் வந்தால் இறங்கி நில்லுங்கள். கால் பாறை மேல் இருக்கட்டும்.