மறந்துபோன சேதி

மூன்றாண்டுகளாக வியாழக்கிழமைகளில் நான் மகளிர் சிறைக்குச் சென்று வருகிறேன். புழல், வேலூர், திருச்சி போன்ற ஊர்களில் பெண்களுக்கெனத் தனிச் சிறைகள் உள்ளன. நான் செல்வது எதுவென்று இங்கே சொல்ல வேண்டியதில்லை. பெண்கள் ஐவர் சேர்ந்த சிறு தொண்டுக் குழு எங்களுடையது. வாயிலில் கைப்பேசியையும் பையையும் ஒப்படைத்துவிட்டு, பதிவேட்டில் கையொப்பமிட்டு, சோதனை முடிந்த பின்னரே உள்ளே விடுவார்கள். தையல் கற்றுக்கொடுப்பது, மனு எழுதித் தருவது, விரும்பும் முஸ்லிம் சகோதரிகளுக்குக் குர்ஆன் ஓதக் கற்பிப்பது ஆகியவை எங்கள் வேலை. ஆயினும் நேரத்தின் பெரும்பகுதி அவர்கள் பேசுவதைக் கேட்பதிலேயே கழிகிறது.

இந்தியச் சிறைகளில் இருப்போரில் ஏறத்தாழ நான்கில் மூவர் விசாரணைக் கைதிகள். குற்றம் இன்னும் நிரூபிக்கப்படாதவர்கள். மொத்தத்தில் பெண்கள் நூற்றுக்கு நான்கு பேர் அளவே. எண்ணிக்கையில் குறைவாக இருப்பதாலோ என்னவோ, அவர்களை நினைப்பவர்களும் குறைவு. கைதியைப் பார்க்க வருவதைச் சிறையில் 'மனு' என்பார்கள். கணவன் சிறைப்பட்டால் மனைவி சோறு கட்டிக்கொண்டு, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மனுவுக்குச் செல்கிறாள். மனைவி சிறைப்பட்டால் கணவன் பெரும்பாலும் வருவதில்லை. நான் கண்டவரையில் இதற்கு விதிவிலக்குகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

குழந்தைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆறு வயது வரை பிள்ளையைத் தாய் தன்னுடன் சிறையில் வைத்துக்கொள்ளலாம் என்று 2006-இல் உச்ச நீதிமன்றம் வழிகாட்டியிருக்கிறது. அங்கே நான்கு வயதுச் சிறுமி ஒருத்தி, யார் அருகில் வந்தாலும் வரிசையில் நின்று கைகளை விரித்துக் காட்டுவாள். சோதனை என்று நினைத்துக்கொள்கிறாள். அவளுக்கு ஆத்திச்சூடி சொல்லித்தரப் போன நான் முதல் நாள் ஒன்றும் சொல்லித்தராமலே திரும்பினேன்.

"குற்றவாளிகளுக்கு ஏன் இத்தனை பாடு?" என்று உறவினர்கள் கேட்பதுண்டு. அல்இன்ஸான் அத்தியாயத்தின் எட்டாவது வசனம், இறைநேசத்தால் உணவளிக்கும் நல்லோரைப் புகழும்போது ஏழை, அநாதை ஆகியோருடன் சிறைப்பட்டவரையும் ஒரே மூச்சில் சேர்த்துச் சொல்கிறது. ஏழையையும் அநாதையையும் நாம் விடாமல் பிடித்துக்கொண்டோம். சிறைவாசிகள் என்றதும் நம் மேடைகளில் ஆண் சிறைவாசிகளுக்காகக் குரல் எழுகிறது. அது தேவையான குரல்தான். ஆனால் சிறையிலிருக்கும் முஸ்லிம் பெண்ணைப் பற்றி மேடையிலும் பேச்சில்லை, வீட்டிலும் பேச்சில்லை. அவளை மறைப்பதே குடும்ப மானம் என்று கருதிவிடுகிறோம்.

இதையெல்லாம் எழுத எனக்குத் தகுதி உண்டா என்ற ஐயத்துடனேயே எழுதுகிறேன். காரணம் கீழே வருகிறது.

சென்ற ஆண்டு பராஅத் இரவு கழிந்த வாரம். வேலை செய்த வீட்டில் நகை களவுபோன வழக்கில் கைதாகியிருந்த ஒரு சகோதரி என்னை ஒதுக்குப்புறமாக அழைத்தார். குற்றம் செய்தாரா இல்லையா என்று நான் கேட்டதில்லை, யாரிடமும் கேட்பதில்லை. ஜாமீன் கிடைத்துவிட்டது, ஆனால் இரண்டு பேர் பிணை நிற்க வேண்டும். "காக்கா கட்டாயம் வருவாங்க, லாத்தா. அவங்களுக்குச் சேதி போய்ச் சேரலேன்னு நெனக்கிறேன். உம்மா கிட்டயாவது சொல்லுங்க." நாங்கள் எந்தச் சேதியையும் அனுமதியின்றி வெளியே கொண்டுசெல்லக் கூடாது. ஆகவே சிறை நல அலுவலரிடம் அவரே கேட்டு, முறையாக அனுமதி பெற்று, முகவரியை எழுதிக் கொடுத்தார். இன்ஷா அல்லாஹ் என்று சொல்லி வாங்கிக்கொண்டேன்.

அந்த வாரமே என் மகளுக்குப் பிரசவம். சென்னைக்குச் சென்றவள் பேரனின் முகத்தைக் கண்டதும் மற்றதையெல்லாம் மறந்தேன். சீட்டு என் கைப்பையின் உள்ளறையில் கிடந்தது. நோன்பு தொடங்கிய பின்னர்தான் ஊர் திரும்பினேன்.

எங்கள் மதரஸாவில் தராவீஹ் முடிந்ததும், அன்று ஓதப்பட்ட ஜுஸ்வின் கருத்தை ஆலிமா சுருக்கமாகச் சொல்வார். பன்னிரண்டாம் இரவு. யூசுஃப் (அலை) அவர்களின் வரலாறு. விடுதலையாகவிருந்த சிறைத் தோழரிடம், எசமானிடம் என்னைப் பற்றிச் சொல் என்று கேட்கிறார்கள். ஷைத்தான் அதை மறக்கடித்துவிடுகிறான். யூசுஃப் (அலை) மேலும் சில ஆண்டுகள் சிறையில் கழிக்கிறார்கள். எத்தனையோ முறை கேட்ட வரலாறு. எப்போதும் யூசுஃப் நபியின் பொறுமையையே எண்ணியிருக்கிறேன். மறந்தவரைப் பற்றி எண்ணியதே இல்லை. அவரும் கெட்ட எண்ணத்தால் மறந்தவரல்லர். அரண்மனையில் அவருக்கு வேலை இருந்திருக்கும்.

அங்கேயே உட்கார்ந்து கைப்பையைத் துழாவினேன்.

மறுநாள் நோன்புடன் பேருந்தேறி அவ்வூர் சென்றேன். அண்ணன் வாசலிலேயே நின்றார். மரியாதைக் குறைவாக ஒரு சொல்லும் இல்லை. "அவ பேரை இந்த வீட்டுல சொல்லாதீங்க" என்றார், அவ்வளவுதான். உள்ளே திரைக்குப் பின்னால் ஒருவர் நிற்பது தெரிந்தது. நான் சொல்ல வேண்டியதைத் திரைக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டு, என் கைப்பேசி எண்ணைத் திண்ணையில் வைத்துத் திரும்பினேன். இஃப்தாருக்குப் பின் ஒரு புதிய எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. பக்கத்து வீட்டுக் கைப்பேசி. "அந்தக் கோர்ட்டுக்கு எப்படி வரணும்?" என்று கேட்டார் அந்தத் தாய்.

வியாழனன்று அந்தச் சகோதரியிடம் உண்மையைச் சொன்னேன். பிள்ளைப்பேறு, சென்னை என்று காரணங்களை அடுக்க வாயெடுத்து, மறந்துவிட்டேன் என்பதோடு நிறுத்திக்கொண்டேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "இருபத்தெட்டு நாள், லாத்தா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. எண்ணிவைத்திருந்தார், சொன்னார்.

பின்னர் நான் அறிந்துகொண்டதை, யாருக்கேனும் உதவும் என்பதால் எழுதுகிறேன். ஜாமீன் ஆணை வந்து ஏழு நாட்களுக்குள் கைதி வெளியேறவில்லையெனில், சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும், ஒரு மாதத்திற்குள் பிணை கொடுக்க இயலாவிடில் நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று நீதிமன்றம் தானாகவே பரிசீலிக்கலாம் என்றும் 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது. 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வருமானம் எவ்வளவாயினும், பெண் என்பதாலேயே இலவச சட்ட உதவி பெறும் உரிமை உண்டு. இவரோ, காக்கா வருவார், காக்கா வருவார் என்று கேட்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆணைக்குழுவின் வழக்கறிஞர் மனுச் செய்தார். சொந்தப் பிணையும் தாயின் பிணையும் போதுமென்று நீதிமன்றம் ஏற்றது. பெருநாளுக்கு நான்கு நாட்களுக்கு முன் அவர் வெளியே வந்தார், அல்ஹம்துலில்லாஹ். இப்போது பெரியம்மா வீட்டில் இருக்கிறார். வழக்கு இன்னும் முடியவில்லை.

சென்ற வாய்தாவுக்கு நானும் போயிருந்தேன். உம்மாவும் மகளும் தாழ்வாரத்தில் அமர்ந்திருந்தனர். ஊரிலிருந்து அத்தனை தூரம் எப்படி வந்தீர்கள் என்று உம்மாவைக் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் வெளியே பார்த்தார். நீதிமன்ற வளாகத்துக்கு வெளியே, வேப்பமர நிழலில் இருசக்கர வண்டியை நிறுத்திவிட்டு, இந்தப் பக்கம் திரும்பாமல் அண்ணன் நின்றுகொண்டிருந்தார்.