இரண்டு தோள்கள்

தமிழ்நாட்டில் எங்கள் சொந்த ஊரான அரும்பாவூரில் என் தாத்தா காலத்து ஆட்களுக்கு இலங்கை முழுவதுமே கண்டிச்சீமைதான். பதுளைக்குப் போனாலும் கொழும்புக்குப் போனாலும் 'கண்டிக்குப் போனவன்' என்பார்கள். நாங்கள் நிஜமாகவே கண்டிக்காரர்கள். தாத்தா தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர். அப்பா தோட்டத்தை விட்டு இறங்கிவந்து, கண்டி நகரத்தில் கொழும்பு வீதியில் சின்னதாக ஒரு துணிக்கடை வைத்தார். கடைக்கு மேலே வீடு.

1983இல் எனக்குப் பதினேழு வயது. பள்ளியின் இரண்டாவது ரக்கர் அணியில் இருந்தேன். ரக்பியை அங்கே ரக்கர் என்றுதான் சொல்வோம். கண்டிக்கு அது வெறும் விளையாட்டல்ல. இலங்கைப் பள்ளிகளுக்கிடையிலான முதல் ஆட்டமே 1906இல் கண்டி போகம்பறையில்தான் நடந்தது. கிங்ஸ்வுட்டும் திரித்துவக் கல்லூரியும் மோதி, ஆறுக்கு ஆறு என்று சமமாக முடித்தன. முதல் அணியில் ஆடுகிறவன் ஊருக்கே செல்லப்பிள்ளை. இரண்டாவது அணிக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. பெரிய ஆட்டத்துக்கு முன்னால், சனங்கள் வந்து இடம் பிடித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் நாங்கள் ஆடி முடித்துவிட வேண்டும். போன வருஷம் முதல் அணி போட்டுக் கழித்த ஜெர்சிதான் எங்களுக்கு. ஆனாலும் அந்த மே, ஜூன் மாதங்களைப் போல வாழ்க்கையில் வேறெதையும் நான் நேசித்ததில்லை.

ஸ்க்ரம் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பக்கத்துக்கு எட்டுப் பேர் குனிந்து, தோளைப் பூட்டிக்கொண்டு, எதிரணி எட்டுப் பேரை முட்டித் தள்ளுவார்கள். முன்வரிசையில் மூன்று பேர். நடுவில் இருப்பவன் ஹூக்கர், அது நான். ஹூக்கரின் இரண்டு கைகளும் இருபுறமும் நிற்கும் ப்ராப்களின் தோளைச் சுற்றிக் கிடக்கும். பந்து உள்ளே உருண்டு வரும்போது காலால் கொக்கி போட்டுப் பின்னால் இழுக்க வேண்டும். சரிந்தால் ஊன்றிக்கொள்ளக் கை இருக்காது, முகம்தான் மண்ணில் போகும். அவர்கள் இரண்டு பேரும் தாங்கினால் உண்டு. என் இரண்டு பக்கமும் நின்றவர்கள் சிங்களப் பையன்கள். இடது பக்கத்தான் பேசவே மாட்டான். வலது பக்கத்தான் பந்து வருமுன் என் காதுக்குள் "மச்சாங், விடாதே" என்று சிங்களத்தில் சொல்வான். ஒவ்வொரு ஸ்க்ரமிலும் சொல்வான். அவன் தலையின் தேங்காயெண்ணெய் வாசனை இப்போதும் எனக்குத் தெரியும்.

ஜூலை 23 இரவு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் 13 ராணுவத்தினர் கொல்லப்பட்டார்கள். மறுநாள் இரவு கொழும்பில், பொரளையில் தமிழர்களுக்கு எதிரான கலவரம் தொடங்கியது. 26ஆம் தேதி செவ்வாய்க்கிழமை எங்களுக்குப் பயிற்சி. "இன்னைக்கு வேணாம்பா" என்றார் அப்பா. அவர் அப்படித் தடுத்ததே இல்லை.

மதியம் மூன்று மணி ஆகியிருக்காது, பேராதனை வீதியில் டெல்டா பார்மசி எரிகிறது என்றார்கள். பிறகு காசல் வீதி. எங்கள் வீதிக்கும் வந்தது. போலீஸ் வந்து ஒருமாதிரி அடங்கியது. அடங்கிய அந்த ஒரு மணி நேரத்தில்தான் இடது பக்கத்தான் பின்சந்து வழியாக வந்து கதவைத் தட்டினான். பயிற்சிக்குப் போட்ட கால்சட்டையோடு நின்றான். முழங்காலில் சேறு காய்ந்திருந்தது. "அம்மா கூட்டிவரச் சொன்னார்" என்றான். அம்மா அடுப்பை அணைக்கக்கூட இல்லை. நான், அப்பா, அம்மா, தங்கை நாலு பேரும் அவன் பின்னால் நடந்தோம்.

சந்து முடிகிற இடத்தில் வீதியைக் கடக்க வேண்டும். அங்கே ஒரு கூட்டம், பெட்ரோல் கேன்களும் தீப்பெட்டிகளுமாக. ஓரத்தில் வலது பக்கத்தான் நின்றான். அவன் கையில் எதுவும் இல்லை. அதை நான் நன்றாகப் பார்த்தேன். கல் இல்லை, கேன் இல்லை. அவனும் என்னைப் பார்த்தான். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஒரு குரல் கொடுத்திருந்தால் அன்றைக்கே எங்கள் கதை முடிந்திருக்கும். அவன் கொடுக்கவில்லை. எங்களுக்காகத்தான் திருப்பிக்கொண்டானா, தன் வெட்கத்தாலா? நாற்பது வருஷமாகப் புரட்டிப் பார்க்கிறேன், பிடிபடவில்லை.

அன்று மாலை ஊரடங்கு போட்டார்கள். கடையும் வீடும் போயின. இடது பக்கத்தான் வீட்டுச் சாமான் அறையில் இரண்டு இரவு. அவன் அம்மா தட்டில் சோறு போட்டுக் கொண்டுவந்து, நாங்கள் சாப்பிடும்வரை கதவுக்கு வெளியே காவல் இருப்பார். அப்புறம் அகதிகள் தங்கிய ஒரு பள்ளி மண்டபம். வெலிக்கடைச் சிறைக்குள் 25ஆம் தேதியும் 27ஆம் தேதியுமாக 53 தமிழ்க் கைதிகளைக் கொன்றார்கள் என்பதை அங்கேதான் கேள்விப்பட்டோம். எனக்குப் போகம்பறைச் சிறையின் சுவர் கண்ணில் வந்தது. எத்தனையோ முறை அந்தச் சுவரைத் தாண்டித்தான் மைதானத்துக்குப் போயிருக்கிறோம்.

அந்த வருஷமே தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரம் வழியாக அரும்பாவூர் வந்து சேர்ந்தோம். அப்போது பெரம்பலூர் மாவட்டம் என்று ஒன்று கிடையாது, அரும்பாவூர் திருச்சி மாவட்டத்தில் இருந்தது. ஒன்றுவிட்ட பெரியப்பாவின் மரச்சிற்பப் பட்டறையில், சாமி சிலைகளுக்கு உப்புத்தாள் தேய்க்கிற வேலை எனக்கு. வாகை மரத்தூள் மூக்கில் ஏறிக்கொண்டே இருக்கும். சாயங்காலம் பையன்கள் கபடி ஆடுவார்கள். ஒருநாள் என்னையும் இறக்கினார்கள். பாடி வந்தவனை இடுப்போடு சேர்த்துக் கட்டிச் சாய்த்தேன். "எலேய் கண்டிக்காரா, இது எந்த ஊருப் பிடிடா?" என்று கேட்டார் பெரியப்பா மகன். சொல்ல வாயெடுத்தேன், முடியவில்லை. பச்சைமலைப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறு வருஷம் இடது பக்கத்தானிடமிருந்து நீலநிற விமானக் கடிதம் வந்தது. எங்கள் மிச்ச ஆட்டங்கள் நடக்கவில்லையாம். அணிப் புகைப்படம் மட்டும் எடுத்தார்களாம். என் இடத்தில் மாற்று ஆட்டக்காரன் ஒருவன் உட்கார்ந்தானாம். ஒவ்வொருவனும் என்ன செய்கிறான் என்று பெயர் பெயராக எழுதியிருந்தான். எண்ணிப் பார்த்தேன். ஒரு பெயர் இல்லை.

நானும் எல்லோரையும் விசாரித்துப் பதில் எழுதினேன், அந்த ஒரு பெயரை விட்டுவிட்டு.