பூனைக்காலிக்கு யாரு காசு குடுப்பா?

கொடைக்கானல்னு சொன்னா நமக்கெல்லாம் ஏரி, தூண்பாறை, ஹோம்மேட் சாக்லேட்... அதோட முடிஞ்சுது. நான் சொல்லப் போறது பழனி மலையோட கீழ்ச்சரிவுப் பக்கம் வேலியில படர்ந்து கிடக்கிற ஒரு கொடியைப் பத்தி. பேரு பூனைக்காலி. அவரைச் சாதி. காய் மேல இருக்கிற சுணை கையில பட்டா அன்னிக்குப் பூரா சொறிஞ்சிட்டே இருக்க வேண்டியதுதான் :)

இதுக்கும் பார்க்கின்சன் நோய்க்கும் (நம்ம ஊர்ல உதறுவாதம்னு சொல்வாங்க) நேரடி சம்பந்தம் இருக்கு. மூளையில டோபமைன் சுரக்கிற செல்கள் சாகச் சாக கை நடுங்கும், உடம்பு விறைக்கும், நடை தளரும். டோபமைனை அப்படியே மாத்திரையா குடுத்தா மூளைக்குள்ள போகாது. லெவோடோபா போகும், போயி டோபமைனா மாறும். இன்னிக்கும் இந்த நோய்க்கு முக்கியமான மருந்து அதுதான். அந்த லெவோடோபா பூனைக்காலி விதையில நூத்துக்கு நாலஞ்சு பங்கு இருக்கு.

இதை விதையில இருந்து பிரிச்சுக் காட்டினது யார் தெரியுமா? தாமோதரன், ராமசாமின்னு ரெண்டு பேர். இடம் நம்ம சென்னை, வருஷம் 1937! பார்க்கின்சனுக்கு இது உதவும்னு அப்ப உலகத்துல யாருக்கும் தெரியாது. கார்ல்சன் முயல்களை வச்சு டோபமைன் கதையைக் கண்டுபிடிச்சது 1957-ல. 2000-ல அவருக்கு நோபல் பரிசும் கிடைச்சுது.

பழனி மலையில இருக்கிற பளியர்கள் இந்த விதையைச் சாப்பிடுவாங்க. ஆனா பலமுறை வேகவச்சு, ஒவ்வொரு தடவையும் தண்ணியை வடிச்சுக் கொட்டிட்டுத்தான். அந்தத் தண்ணியோட போறதுல லெவோடோபாவும் உண்டு.

நிற்க. ஆணி பிடுங்குற எனக்கு இதுல என்ன அக்கறைன்னு கேக்கலாம். எங்க மாமா தாண்டிக்குடி பக்கம் காப்பித் தோட்டம் வச்சிருக்காரு. அவருக்கு உதறுவாதம் வந்து ஆறு வருஷம் ஆச்சு. போன மாசம் போன்ல கேட்டாரு: "மாப்ள, வேலியிலயே மருந்து கெடக்கும்போது நான் எதுக்குடா மதுரைக்கு பஸ் ஏறணும்?"

"மாமா, டாக்டரைக் கேக்காம மாத்திரையை மட்டும் நிறுத்திராதீங்க"ன்னு சொன்னேன். மாத்திரையில லெவோடோபாவோட கார்பிடோபாவும் இருக்கு. உடம்புல வழியிலயே டோபமைனா மாறி வாந்தி வராம அது பாத்துக்கும். விதையில அது கிடையாது. விதைக்கு விதை அளவும் மாறும். ஆனாலும் மாமா கேட்டது நியாயமான கேள்விதான். பதில்தான் அரைகுறையா இருக்கு.

1995-ல இந்தியாவுல 60 நோயாளிகளுக்கு 12 வாரம் இந்த விதையில செஞ்ச பொடியைக் குடுத்துப் பாத்தாங்க, பலன் தெரிஞ்சுது. 2004-ல லண்டன்ல 8 பேர். மாத்திரையை விட சீக்கிரமா வேலை செஞ்சு, அரை மணி நேரத்துக்கு மேல கூடுதலா நின்னுது. 2017-ல பொலிவியாவுல 18 பேர், ஒரே ஒரு வேளை மருந்து, நல்ல முடிவு. 2018-ல மறுபடியும் பொலிவியாவுல 14 பேர், 16 வாரம். வயிறு ஒத்துக்காம, இல்லேன்னா உடம்பு அசைவு மோசமாகி, பாதிப் பேர் நடுவுலயே விலகிட்டாங்க. ஆக, நல்லதும் தெரியும், கெட்டதும் தெரியும். பெரிய அளவுல, வருஷக்கணக்குல யாரும் பாக்கலை.

ஏன்? காசு. விதைக்கு பேடன்ட் வாங்க முடியாது, அதனால மருந்து கம்பெனிக்கு லாபம் இல்லை. ஓப்பன் சோர்ஸ் மாதிரிதான். யாராவது ஒரு அறக்கட்டளை தாங்கினாத்தான் உண்டு. பொலிவியா ஆராய்ச்சிக்குக் கை குடுத்தது இத்தாலியில இருக்கிற ஒரு பார்க்கின்சன் அறக்கட்டளை.

காசே இல்லாமலும் இல்லை. 29 வயசுல இந்த நோய் வந்த நடிகர் மைக்கேல் ஜே. ஃபாக்ஸ் 2000-ல ஆரம்பிச்ச அறக்கட்டளை இதுவரைக்கும் 200 கோடி டாலருக்கு மேல ஆராய்ச்சிக்குக் குடுத்திருக்கு. (என் வயசுக்காரன்... படிக்கும்போது பகீர்னு இருந்துது.) இந்திய நோயாளிகள் 10,000 பேரோட மரபணுவை ஆராயுற திட்டத்துக்கும் அவங்க காசு வந்திருக்கு. இங்க ஐ.சி.எம்.ஆர். இருக்கு, ஆயுஷ் அமைச்சகம் இருக்கு, 2023 சட்டத்துல வந்த அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை இருக்கு. ஆனா நீங்களோ நானோ விண்ணப்பிக்க முடியாது. ஒரு கல்லூரியோ ஆஸ்பத்திரியோ, அதுல ஒரு ஆராய்ச்சியாளரோ கேக்கணும்.

கொடைக்கானல்லயே அன்னை தெரசா பல்கலைக்கழகம் இருக்கு. மலை இறங்கினா மதுரை மருத்துவக் கல்லூரி. செடி தெரிஞ்சவங்க மேல, நோய் தெரிஞ்சவங்க கீழ. ரெண்டு பக்கமும் சேர்ந்து ஒரு நல்ல விண்ணப்பம் எழுதினா என்ன? அதுல பளியர்களுக்கும் ஒரு பங்கு எழுதணும். வேகவச்சு வடிக்கிற கணக்கு அவங்களோடது.

உங்கள்ல யாராவது தாவரவியலோ மருந்தியலோ படிக்கிறீங்களா? உங்க பேராசிரியர் காதுல இதைப் போடுங்க.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. இதைப் படிச்சிட்டு நாட்டு மருந்துக்கடைக்கு ஓடாதீங்க மக்களே.