சும்மா கிடைக்கிற புத்தகமும் நம்முடைய புத்தகமும்

இன்றைக்குக் கொஞ்சம் படிப்பு சம்பந்தப்பட்ட விஷயம். ஓடிவிடாதீர்கள், நடுவில் இட்லி மாவு வரும்.

"இலவசம்" என்ற சொல்லுக்கு நம் ஊரில் யாரும் அருஞ்சொற்பொருள் எழுத வேண்டியதில்லை. மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி, மடிக்கணினி எல்லாம் பார்த்தாயிற்று. ஆனால் பாடப்புத்தகம் என்று வரும்போது இந்த ஒரு சொல்லுக்குள் இரண்டு விஷயங்கள் கலந்துவிடுகின்றன. காசு கொடுக்காமல் படிக்கக் கிடைப்பது ஒன்று. நகலெடுக்கவும், மாற்றவும், மொழிபெயர்க்கவும், நாலு பேருக்குக் கொடுக்கவும் அனுமதியோடு கிடைப்பது இன்னொன்று. இரண்டாவது வகைக்குத்தான் "திறந்த கல்வி வளங்கள்" என்று பெயர். இந்த வித்தியாசம் வக்கீல்களுக்கு மட்டும் வேண்டியது என்று தோன்றலாம். என் வகுப்பில் சிலருக்கு அது அரியருக்கும் பாஸுக்கும் நடுவில் நிற்கிறது.

எங்கள் வகுப்பில் அறுபது பேர். பாதிக்கு மேல் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழி. பற்று, வரவு, பேரேடு, இருப்பாய்வு, இருப்புநிலைக் குறிப்பு எல்லாம் தலைகீழாகத் தெரிந்தவர்கள். கல்லூரிக்கு வந்ததும் அதே ஆசாமிகள் டெபிட், கிரெடிட், லெட்ஜர், டிரையல் பேலன்ஸ் என்று சட்டை மாற்றிக்கொண்டு வந்தார்கள். பரவாயில்லை, பழகிக்கொண்டோம். சிக்கல் மூன்றாம் வருடத்தில்தான். காஸ்ட் அக்கவுண்டிங்கில் வரும் பல சொற்களை நாங்கள் பள்ளியில் எந்தச் சட்டையிலும் பார்த்தது கிடையாது.

என் பெஞ்சில் ஒரு நண்பன். அவன் அம்மா இட்லி மாவுக்கடை வைத்திருக்கிறார். உளுந்து விலை கிலோவுக்குப் பத்து ரூபாய் ஏறினால் பாக்கெட்டுக்கு எவ்வளவு அடி விழும் என்று வாயிலேயே சொல்வான். அவனுக்கு மார்ஜினல் காஸ்டிங்கில் அரியர். கேள்வியில் இருக்கும் ஆங்கிலம் அவனைக் கணக்குக்குள்ளேயே போகவிடவில்லை. அரியர் இருந்தால் வளாகத் தேர்வுக்கு உட்கார முடியாது. வளாகத் தேர்வு போனால் மாவுக்கடைதான். மாவுக்கடை கேவலம் என்று சொல்லவில்லை. ஆனால் அது அவனாகத் தேர்ந்தெடுத்ததாக இருக்க வேண்டும் அல்லவா?

"நல்ல புத்தகம் வாங்கிப் படிக்க வேண்டியதுதானே?" ரெபரன்ஸ் பட்டியலில் உள்ள ஒரு புத்தகம் எழுநூற்றுச் சொச்சம். நூலகத்தில் ஒரே பிரதி, வீட்டுக்குத் தரமாட்டார்கள். ஆக எல்லோரும் கைடு. கைடில் சூத்திரமும் தீர்த்து வைத்த ஐந்து கணக்கும் இருக்கும், ஏன் என்பது இருக்காது. மிச்சத்துக்கு இருக்கவே இருக்கிறது ஜெராக்ஸ் கடை.

ஜெராக்ஸ் என்றதும் டெல்லிப் பல்கலைக்கழக வழக்கைச் சொல்லாமல் போக முடியாது. 2012-ல் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் பிரான்சிஸ் ஆகிய பதிப்பகங்கள், அந்தப் பல்கலைக்கழகத்தின் மீதும் அங்கிருந்த ராமேஸ்வரி ஜெராக்ஸ் கடை மீதும் வழக்குப் போட்டன. பல புத்தகங்களின் பகுதிகளைச் சேர்த்து மாணவர்களுக்கு நகலெடுத்துக் கொடுத்ததுதான் குற்றச்சாட்டு. 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றத் தனி நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்தார். டிசம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு சில விவரங்களை மறுபடி விசாரிக்கச் சொன்னாலும், கற்பித்தலுக்குத் தேவையான அளவு நகலெடுப்பதைப் பதிப்புரிமைச் சட்டம் அனுமதிக்கிறது என்ற அடிப்படையை ஏற்றுக்கொண்டது. 2017 மார்ச்சில் பதிப்பகங்கள் வழக்கைத் திரும்பப் பெற்றன.

நமக்கு நல்ல தீர்ப்புதான். ஆனால் என் நண்பனுக்கு அது பாதி தூரம்தான் வரும். நகலெடுத்தாலும் அதே ஆங்கிலம்தானே! அதைத் தமிழில் மாற்றி, உதாரணத்தையும் மாற்றி, ஊரெல்லாம் கொடுக்கலாமா என்றால் அது வேறு கதை. நம் நாட்டின் 1957-ஆம் ஆண்டுச் சட்டப்படி மொழிபெயர்க்கும் உரிமையும் பதிப்புரிமைக்குள் அடக்கம். அதாவது உரிமையாளரைக் கேட்க வேண்டும். பி.காம். மாணவன் லண்டனுக்குக் கடிதம் போட்டு, பதில் வருவதற்குள் செமஸ்டரே முடிந்துவிடும்.

இங்கேதான் திறந்த உரிமம் வருகிறது. சுருக்கமாக வரலாறு. அமெரிக்காவின் எம்ஐடி தன் பாடக் குறிப்புகளை இணையத்தில் எல்லோருக்கும் தரப்போவதாக 2001-ல் அறிவித்தது. 2002-ல் யுனெஸ்கோ பாரிஸில் நடத்திய கூட்டத்தில்தான் "திறந்த கல்வி வளங்கள்" என்ற பெயர் பிறந்தது. அதே ஆண்டு டிசம்பரில் கிரியேட்டிவ் காமன்ஸ் அமைப்பின் முதல் உரிமங்கள் வந்தன. "என்னைக் கேட்கவே வேண்டாம், இன்னின்ன நிபந்தனையோடு எடுத்துக்கொள்" என்று ஆசிரியர் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுவதுதான் அந்த உரிமம். ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஸ்டாக்ஸ் 2012 முதல் முழுப் பாடநூல்களையே இப்படி வெளியிடுகிறது. 2019-ல் கணக்கியல் நூல் இரண்டு பாகமாக வந்தது: முதல் பாகம் நிதிநிலைக் கணக்கியல், இரண்டாவது மேலாண்மைக் கணக்கியல். ஆசிரியர் பெயரைச் சொல்ல வேண்டும், வணிக நோக்கம் கூடாது, மாற்றி எழுதியதையும் அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும். இந்த மூன்றும்தான் நிபந்தனை.

இரண்டாம் பாகத்தில் லாப நட்டமில்லாப் புள்ளிக்கு ஓர் அத்தியாயம் இருக்கிறது. அங்கே ஒரு கம்பெனி பறவைகள் குளிக்கும் தொட்டி செய்து விற்கிறது. (நம் ஊர்க் காக்கா தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிகிற இடத்திலேயே வேலையை முடித்துக்கொள்ளும்!) தொட்டி விலை 100 டாலர், மாறும் செலவு 20 டாலர், மாறாச் செலவு 18,000 டாலர். ஒரு தொட்டி விற்றால் 80 டாலர் மிஞ்சும். ஆக 225 தொட்டி விற்றால் கையைக் கடிக்காது. விளக்கம் அருமை, படிப்படியாகப் போகிறது. ஆனால் டாலரும் பறவையும் சேர்ந்து வகுப்பில் கொட்டாவியைக் கிளப்பின.

நாங்கள் நாலு பேர் சேர்ந்து அந்தப் பகுதியைத் தமிழில் எழுதினோம். பள்ளிப் பாடநூலில் உள்ள சொற்களைத் தமிழிலேயே வைத்து, பரீட்சையில் வரும் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் பக்கத்திலேயே போட்டோம். தொட்டி போய் மாவு வந்தது. ஒரு பாக்கெட் 40 ரூபாய். அரிசி, உளுந்து, வெந்தயம், கவர் சேர்த்து மாறும் செலவு 25. மிஞ்சுவது 15. கடை வாடகை, ஆள் சம்பளம், கிரைண்டர் தேய்மானம் என்று மாதம் 18,000. புத்தகத்தின் 18,000-ஐ அப்படியே வைத்துக்கொண்டு டாலரை மட்டும் ரூபாயாக்கினோம். 18,000-ஐ 15-ஆல் வகுத்தால் 1,200 பாக்கெட், நாளுக்கு 40.

நண்பன் படித்துவிட்டு, "டேய், இதைத்தான எங்கம்மா தினமும் பண்றாங்க? இதுக்கா இத்தனை பேரு?" என்றான். அதோடு நிற்கவில்லை. "செஞ்சதெல்லாம் வித்துரும்னு இந்தக் கணக்கு நினைக்குது. மாவு மறுநாள் புளிச்சிரும்ல?" என்று பேனாவை எடுத்தான். தினமும் 5 பாக்கெட் வீணானால் மாதம் 3,750 ரூபாய் கூடுதல் செலவு. அதையும் சேர்த்தால் 1,450 பாக்கெட் விற்றாக வேண்டும். செய்ததெல்லாம் விற்றுவிடும் என்பது இந்த முறையின் அடிப்படை அனுமானங்களில் ஒன்று. எங்கள் கைடில் அதை ஆறாவது வரியாக மனப்பாடம் செய்ய வைத்திருந்தார்கள். அவன் அதைக் கடையிலிருந்து கண்டுபிடித்துச் சொன்னான். அந்தக் கணக்கு இப்போது எங்கள் குறிப்பில் கடைசிக் கணக்காக இருக்கிறது. சும்மா கிடைத்த பிடிஎஃப் எதிலும் இவனுக்கு இந்த இடம் கிடைத்திருக்காது. படிக்கலாம், கை வைக்கக் கூடாது. இதில் கை வைக்கலாம்.

"கைபேசியே மொழிபெயர்த்துக் கொடுக்கிறதே, இதற்கு ஏன் உரிமம்?" என்று ஒருவர் கேட்டார். நமக்காக மட்டும் படித்துக்கொள்வது வேறு, அச்சடித்து ஜூனியர் வரைக்கும் கொடுப்பது வேறு. இன்னொருவர், "வணிக நோக்கம் கூடாது என்கிறாய், ஜெராக்ஸ் கடைக்காரர் பக்கத்துக்குக் காசு வாங்குகிறாரே?" என்றார். நல்ல கேள்வி. அமெரிக்காவில் இதே கேள்வி ஃபெட்எக்ஸ் நகல் கடைகள் மீது வழக்காகவே போனது. லாபநோக்கம் இல்லாத பள்ளிகளுக்காகக் கடை நகலெடுத்துக் கூலி வாங்குவது உரிமத்தை மீறியதாகாது என்று 2018-ல் அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அது நம் நாட்டைக் கட்டுப்படுத்தாது, ஆனால் நியாயம் புரிகிறது.

சரி, எழுதியவர் வயிற்றுக்கு என்ன வழி? வணிகவியல்காரன் இதைக் கேட்காமல் விடக் கூடாது. ஒரு பாடநூலுக்குப் பெரிய செலவு முதல் பிரதியில்தான்: எழுதுவது, சரிபார்ப்பது, படம் போடுவது. அது மாறாச் செலவு. மின்வடிவில் அடுத்த பிரதிக்கு ஆகும் செலவு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. ஆக, அந்த மாறாச் செலவை யார் கொடுப்பது என்பதே கேள்வி. ஓப்பன்ஸ்டாக்ஸுக்கு ஹியூலெட், கேட்ஸ் போன்ற அறக்கட்டளைகள் கொடுத்தன. தனியார் பதிப்பகம் தன் முதலைப் போட்டு எழுதவைத்தால் விலை வைத்து விற்கட்டும், அதில் எனக்குச் சண்டை இல்லை.

ஆனால் நம் நாட்டில் நிறையப் பாடங்களுக்கு அந்தச் செலவை ஏற்கெனவே வரிப்பணம் கொடுத்துவிட்டது. இக்னோவின் இஞான்கோஷ் தளத்தில் வணிகவியல் பாடங்கள் முழுதாகக் கிடைக்கின்றன, யாரும் இறக்கிப் படிக்கலாம். அங்கே படித்துப் பலர் தேறியிருக்கிறார்கள், அதற்கு நன்றி. ஆனால் வேறுவிதமாகக் குறிப்பிடாத வரை எல்லா உரிமையும் காக்கப்பட்டது என்ற வரியும் அங்கே இருக்கிறது. ஆக, படிக்கலாம். மாவுக்கடைக் கணக்கைச் சேர்த்துத் தமிழில் வெளியிட வேண்டுமானால் கேட்க வேண்டும். 2019 நவம்பரில் யுனெஸ்கோ பொது மாநாடு ஏற்ற பரிந்துரை, அரசுப் பணத்தில் உருவாகும் பாடங்களுக்குத் திறந்த உரிமம் கொடுக்க நாடுகளை ஊக்குவிக்கிறது. புதிதாக ஒரு பைசா ஒதுக்காமல், ஒரு வரியை மாற்றினாலே இந்தியாவின் எத்தனையோ மொழி மாணவர்களுக்குக் கதவு திறக்கும்.

அடுத்து வரவு செலவுத் திட்டக் கட்டுப்பாட்டு அத்தியாயத்தை எடுக்கிறோம். இருபது பக்கம் இருக்கிறது, ஆள் நாலுதான். உங்கள் வீட்டில் கடை இருந்தால், தறி இருந்தால், மாடு இருந்தால், கணக்கோடு வாருங்கள். குறிப்பின் கடைசிப் பக்கத்தில் மூல நூலின் பெயர், ஆசிரியர்கள், உரிமம், நாங்கள் மாற்றியது என்ன என்று நான்கு வரி இருக்கிறது. அதற்குக் கீழே உங்கள் பெயரும் வரும்.

பின்குறிப்பு: நண்பனின் அரியர் பரீட்சை அடுத்த மாதம். எதிர்பார்ப்பு என்னவென்று கேட்டதற்கு, "நாப்பது பாக்கெட் வித்தா போதும்டா" என்றான். எங்கள் கல்லூரியில் பாஸ் மார்க் நாற்பது.